ஆம்பிளையள் வரிசையில் நிற்கும் நேரம்

மேசை இன்னும் வந்து சேரவில்லை, அதற்குள் கமலேசக்கா வரிசையை விட்டு நழுவிவிட்டாள். என்ர இடத்தப் பாத்துக்கொள் எமில்டா என்றவள், எங்கே போகிறேன் என்று சொல்லவில்லை, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பள்ளிக்கூடக் கட்டடத்தின் பின்பக்கமாக நடந்துபோய்விட்டாள். இனி அவளுடைய இடத்துக்கும் சேர்த்து யாரோடாவது மல்லுக்கட்ட வேண்டியது எமில்டாவின் வேலை. சண்டை என்றால் எமில்டா, இந்த அகதி முகாமில் அப்படித்தான் ஆகிப்போயிற்று, தண்ணி லாரிக்காரன் பாதியில் வண்டியைத் திருப்பினால் கூப்பிடு எமில்டாவை, ரேஷன் அரிசியில் புழு நெளிந்தால் கூப்பிடு எமில்டாவை, சண்டையில் கிடைத்ததை எல்லாரும் பங்குபோட்டுக்கொண்டு வாய்க்காரி என்ற பெயரை மட்டும் அவளுக்கு விட்டுவைப்பார்கள். வெயில் இப்பவே பிடரியில் கை வைத்துவிட்டது. இன்றைக்கு செக்கிங். மாதம் ஒருமுறை தாலுகா ஆபீஸிலிருந்து ரெவின்யூ இன்ஸ்பெக்டர், ஆர்.ஐ., ஜீப்பில் வந்து, முகாமில் இருக்கிற ஒவ்வொரு தலையையும் நேரில் பார்த்துக் கையெழுத்து வாங்குகிற நாள், பெயின்ட் வேலைக்கு கோயம்புத்தூர், பாலக்காடு என்று போன ஆம்பிளைகளெல்லாம் முதல்நாளே பஸ் பிடித்து வந்து கண் சிவக்க நிற்கிறார்கள், ஆள் இல்லையென்றால் பெயர் வெட்டு, பெயர் வெட்டினால் விசாரணை, எங்கே போனான், எந்தக் கடற்கரையில் எந்தப் படகுக்குக் காத்திருக்கிறான் என்று வீட்டில் உள்ளவர்களைக் குடைந்து எடுத்துவிடுவார்கள். கணக்கு முடிந்து ஜீப் கிளம்பும் வரைக்கும் ஆம்பிளை ஒருத்தன் மைதானத்தை விட்டு அசையக் கூடாது, வாசலில் போலீஸ்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். பெண்கள் அங்கே இங்கே போனால் ஒருவரும் கண்டுகொள்வதில்லை, பொம்பிளை எங்கே ஓடப்போகிறாள் என்ற நினைப்பு. கமலேசக்கா போனாளே, யார் கேட்டது. அவளைப் பார்த்து இப்போது பின்னாலிருந்து இன்னொருத்தியும் கிளம்புகிறாள், இடத்தப் பாத்துக்கொள்ளுங்கோ அக்கா என்று. பாக்கிறன், பாக்கிறன், எல்லாருடைய இடத்தையும் நானே பாக்கிறன், நீங்கள் போய் எங்கேயாவது நிழலில் குந்தியிருந்து கதை பேசுங்கோ. அவளுக்கு வாய்வரை வந்துவிட்டது, விழுங்கிக்கொண்டாள், ஏனென்றால் அவளுக்கு முன்னால் துஷானி நிற்கிறாள், அம்மா ஆரோடையும் சண்டை பிடிக்காதேங்கோ என்று காலையிலேயே கேட்டுக்கொண்ட பிள்ளை. இன்றைக்கு மட்டும், அம்மா, இன்றைக்கு மட்டும்.

துஷானியின் பின்கழுத்தில் வேர்வையே இல்லை. எல்லாருக்கும் வேர்க்கிறது, கொய்யாக்கூடையைச் சுமந்து சுமந்து காய்ந்துபோன எமில்டாவுக்கே முதுகில் வழிகிறது, பிள்ளையின் கழுத்து மட்டும் காய்ந்த ஓலைபோல் கிடக்கிறது. உதடும் அப்படித்தான், வெடித்து, ஓரத்தில் தோல் எழும்பி. பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை, பரீட்சைக்குப் படித்துப் படித்து இளைத்துவிட்டாள் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்த மடைச்சி நான். நேற்று பெரியாஸ்பத்திரியில் அந்த நர்ஸ் சீட்டைப் பார்த்துவிட்டு, உங்க பொண்ணு தண்ணியே குடிக்கிறதில்லையா, மூத்திரத்தை அடக்கி அடக்கி வெச்சிருக்கா, இப்படியே போனா கிட்னி வரைக்கும் போயிடும்மா என்று ஒரு மாதிரிச் சொன்னாள், எமில்டாவுக்கு அந்த மாதிரி பிடிக்கவில்லை, ஏன், நான் என்ன பிள்ளைக்குத் தண்ணி குடுக்காமல் வைத்திருக்கிறேனா என்று நர்ஸிடம் பாயப்போனாள். பிள்ளை முழங்கையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டில், எமில்டா வழக்கமாகக் கூடை வைத்து விற்கிற அதே தூணுக்குப் பக்கத்தில், பஸ் உறுமிக்கொண்டு நிற்கும்போதுதான், அந்தச் சத்தத்துக்குள் ஒளித்துவைத்துச் சொன்னாள்.

"அந்த லைட்டுக்குக் கீழ அவங்கள் எல்லாரும் இருக்கிறாங்கள் அம்மா. என்னால போக ஏலாது. பகல் முழுக்க நான் தண்ணி குடிக்கிறதில்லை."

அந்த லைட். எமில்டாவின் லைட். முகாமே அப்படித்தான் சொல்கிறது, எமில்டா லைட், அதற்குக் கீழே நின்று போட்டோகூட எடுத்தார்கள், கக்கூஸுக்குப் போகிற பாதை திரும்புகிற மதகடியில் கம்பம் நட்டு, வெள்ளை வெளேரென்று பால் மாதிரி வெளிச்சம். அது சும்மா வந்ததா, தோட்டக்காரனிடம் கொய்யா பேசுவதுபோலப் பேசி வாங்கினது. கண்ணாலே ஒரு மரத்தைப் பார்த்து மனசிலே விலை வைத்துவிட்டு வேறொரு மரத்துக்குப் பேரம் தொடங்க வேண்டும், அதுதான் அவள் தொழில், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஏமாந்து ஏமாந்து தானாக வந்தது. அப்படித்தான் அன்றைக்குத் தாலுகா ஆபீஸிலும், ஒவ்வொரு லைன் வீட்டுக்கும் கக்கூஸ் வேணும் ஐயா என்று தொடங்கினாள், ஏலாது என்றார்கள், அப்ப சுற்றுமதில், அது பொதுப்பணித்துறை என்றார்கள், அப்ப கதவுக்காவது உள்தாழ்ப்பாள், பார்க்கலாம் என்றார்கள், சரி ஐயா ஏழையளை வெறுங்கையோட அனுப்பாதேங்கோ, ஒரு லைட்டாவது என்று முகத்தைத் தொங்கப்போட்டாள், சரி என்றுவிட்டார்கள். அவர்களுக்கு ஜெயித்த மாதிரி, அவளுக்கும் ஜெயித்த மாதிரி. இரண்டு பேருக்கும் சந்தோஷமான வியாபாரத்தில் எங்கேயோ ஒரு கூடை அழுகினது இருக்கும், அது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏன் லைட் கேட்டாள், கமலேசக்காவின் மகள் விடிய முன்னம் போகும்போது உடைந்த மதில் பக்கமிருந்து எவனோ கையைப் பிடித்து இழுத்தான், பிள்ளை உதறிக்கொண்டு ஓடி மதகில் விழுந்து முன்பல் போயிற்று, ஆளைத் தெரியாது, இருட்டு, ஊர்க்காரனா, முகாமுக்குள்ளே உள்ளவனா, இருட்டில் எல்லாருக்கும் ஒரே முகம்தான். போலீஸில் சொன்னால் நீங்க ஏன் இருட்டில போறீங்க என்று கேட்டார்கள். அதனால் லைட். இருட்டுத்தானே எதிரி, அடித்துப் போட்டாயிற்று. அடித்துப் போட்ட இடத்தில் பொடியள் வந்து குந்திவிட்டாங்கள். வேறு எங்கே போவாங்கள், சரியாகச் சொன்னால் அவங்களுக்கும் போக இடமில்லை, கால் நீட்டினால் அடுத்த வீட்டுத் தகரத்தில் இடிக்கிற வீடு, பொழுதுபட்டால் மங்கலாய் எரிகிற பல்ப், முகாமிலேயே நல்ல வெளிச்சம் அந்த மதகடியில்தான், கேரம் போர்டைத் தூக்கிக்கொண்டு வந்தாங்கள், சீட்டுக்கட்டு வந்தது, செல்போன் வந்தது, பழகின பிறகு பகலிலும் அந்த இடம் அவங்களுக்குத்தான். வந்தவங்கள் சும்மா இருந்தால் என்ன. வாளியோடு போகிற பெண்ணுக்கு ஒவ்வொருத்திக்கும் ஒரு பாட்டு வைத்திருக்கிறாங்களாம். செல்லில் நேரம் பிடிக்கிறாங்களாம், உள்ளே போனதிலிருந்து வெளியே வரும் வரைக்கும், வந்தவுடனே கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி ஒருத்தன் வாசிப்பானாம், மற்றவங்கள் கை தட்டுவாங்களாம். துஷானிக்கும் வாசித்திருக்கிறாங்கள். பிள்ளை அதைச் சொல்லும்போது பஸ் கிளம்பிவிட்டது, சத்தம் போய்விட்டது, கடைசிச் சொல்லை அவள் சொல்லாமலே நிறுத்திவிட்டாள். செல் என்றால் அதில் கமராவும் இருக்குமே என்று எமில்டா கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும்.

மேசை வந்துவிட்டது. முகாம் தலைவர் தானே ஒரு துணியால் துடைக்கிறார், ஆர்.ஐ. ஜீப்பை விட்டு இறங்காமல் போன் பேசுகிறார், இன்னொரு முகாமுக்கும் போக வேண்டும், சீக்கிரம் சீக்கிரம் என்று தலைவர் கையை ஆட்டுகிறார். எமில்டாவின் வீட்டு லைன் கடைசி லைன், பெயர் கூப்பிடக் கடைசியில்தான் வரும், அதற்குப் பிறகு ஒன்றிரண்டு குடும்பம், பிறகு கணக்கு முடிந்தது. ஆம்பிளைகள் வரிசையில் யூட் நிற்கிறான், அவளுடைய மனிசனின் தம்பி. அவளுடைய மனிசன் பெயின்ட் அடிக்கப் போன இடத்தில் சாரத்திலிருந்து விழுந்த நாளிலிருந்து, இந்த வீட்டுக்கு ஆம்பிளை என்று சொல்லிக்கொள்ள அவன்தான், துஷானிக்குச் சித்தப்பா, சின்னதில் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவன். அவனும் மதகடியில்தான் இருக்கிறான். நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவுடனே அவனைக் கூப்பிட்டுக் கேட்டாள், கூரை அதிரக் கேட்டாள். நான் ஒண்டும் சொல்லேல்லை அண்ணி என்றான். சத்தியமாய் நான் ஒருநாளும் வாய் திறக்கேல்லை என்றான். அதுதானடா கேக்கிறன், ஏன் திறக்கேல்லை என்றாள். அவனுக்கு விளங்கவில்லை, அல்லது விளங்கிற்று, தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான், போனவன் எங்கே போவான், அங்கேதான். நல்ல பிள்ளைதான் யூட். நல்ல பிள்ளையள் நாலு பேர் பேசாமல் இருந்தால் போதும், ஒரு கெட்டவன் போதும். அவளுக்கு அந்த மணல் திட்டு ஞாபகம் வருகிறது, வரக்கூடாது என்று வைத்திருப்பது, வெயில் சுடும்போதெல்லாம் வந்துவிடும். கடலைக் கடந்து வரும்போது படகோட்டி அவர்களை நடுக்கடலில் ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டு, கரை வந்திட்டுது இறங்குங்கோ என்று பொய் சொல்லிப் போய்விட்டான். மரமில்லை, புல்லில்லை, தட்டுமாதிரி ஒரு மணல், சுற்றிவரக் கடல், ஆம்பிளையும் பொம்பிளையும் குஞ்சு குருமானும் பகல் முழுக்க அதில். துஷானி அப்போது வயிற்றில். அடிவயிறு முட்டி அவள் முனகத் தொடங்கினபோது, ஒருவரும் கேட்காமலே ஒரு கிழவர் முதலில் எழும்பினார், பிறகு அவளுடைய மனிசன், பிறகு யூட், அவனுக்கு அப்போதுதான் மீசை அரும்புகிறது, ஆம்பிளைகள் எல்லாரும் எழும்பித் திட்டின் மற்ற ஓரத்துக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து வரிசையாய் உட்கார்ந்தார்கள். பெண்கள் ஒரு சேலையைப் பிடித்தார்கள், காற்றுக்கு அது நிற்கவில்லை, அது தேவையும் இல்லை. அத்தனை முதுகுகள். நேவி வந்து சுடுமோ, தண்ணி ஏறி மூடுமோ என்று நடுங்கிக்கொண்டிருந்த அந்த நாளில் அந்த ஒரு பயம் மட்டும் அவளுக்கு இருக்கவில்லை. அதே ஆக்கள்தானே. அந்தக் கிழவரின் பேரன்தான் ஸ்கோர் வாசிக்கிறவன். கடலுக்கும் இந்த மதகுக்கும் நடுவில் எந்த இடத்தில் அது தொலைந்தது, எந்த வரிசையில் நின்றபோது, எந்தத் தகரத்துக்குள் படுத்தபோது. அவளிடம் கேட்டால் அவளுக்குத் தெரியாது. வீடு கொடுத்தார்கள், அரிசி கொடுத்தார்கள், ஒருத்தருக்கொருத்தர் முதுகைக் காட்டப் போதுமான இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான் அவளுக்குச் சொல்லத் தெரியும்.

கமலேசக்கா திரும்பி வந்துவிட்டாள். முகம் கழுவினமாதிரி இருக்கிறது, கழுவவில்லை, ஆனால் இருக்கிறது, ஏதோ ஒரு இறுக்கம் அவிழ்ந்து தோள் கீழே இறங்கியிருக்கிறது. அவள் வந்து நின்றதும் பின்னால் அந்தோனியாப்பிள்ளையின் மருமகள் நகர்கிறாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி தயாராய்ப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஒருத்தி வர ஒருத்தி. கதை பேசவும் இல்லை, நிழலில் குந்தவும் இல்லை, எல்லாரும் பள்ளிக்கூடத்தின் பின்பக்கமாக ஒரே வழியில்தான் போகிறார்கள், கக்கூஸுக்குப் போகிற வழி. எமில்டா மைதானத்தைப் பார்த்தாள். ஆம்பிளைகள் வரிசை மதில்வரைக்கும் நீண்டு கிடக்கிறது, ஸ்கோர் வாசிக்கிறவன் நிற்கிறான், கை தட்டுகிறவங்கள் நிற்கிறாங்கள், யூட் நிற்கிறான், ஒருத்தன் மிச்சமில்லாமல் அரசாங்கம் கூப்பிட்டு நிறுத்தி வைத்திருக்கிறது. மதகடியில் ஒருவருமில்லை. இத்தனை காலம் செக்கிங் நாளில் வரிசையை விட்டுப் போகிற பெண்களை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறாள், ஒழுங்கில்லாததுகள், ஒரு மணித்தியாலம் நிக்க ஏலாததுகள் என்று, ஒருத்தியும் திருப்பிச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டு போய்விட்டு வந்து நிற்பார்கள். எத்தனை மாதமாய். ஒருத்தியும் இவளிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள், எமில்டா லைட் என்று பெயர் வைத்துப் போட்டோ எடுத்த பிறகு, உன்ர லைட்டாலதான் எண்டு எந்த முகத்தோடு வந்து சொல்வார்கள். அவள் தானும் இருட்டோடு எழும்பி, கூடை எடுத்து, முதல் பஸ்ஸில் போய், பஸ் ஸ்டாண்டிலேயே எல்லாம் முடித்துக்கொள்கிறவள், அவளுக்கு மதகடி தெரியாது. துஷானியின் தோளைத் தொட்டாள்.

"போயிட்டு வா."

பிள்ளை திரும்பிப் பார்த்தாள். "பேர் கூப்பிட்டா?"

"கூப்பிட்டா நான் இருக்கிறன். கமலேசக்கா, கூடப் போங்கோ. பிள்ளை, அவசரப்படாத. ஓடி வராத. விளங்குதா."

போனார்கள். பிள்ளையின் முதுகு பள்ளிக்கூடச் சுவர் மூலையில் மறைந்ததும் எமில்டாவுக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது, ஆர்.ஐ. இன்றைக்குப் பறக்கிறார். அவசரக்காரன். முதல் லைன் முடிந்தது, இரண்டாவது முடிந்தது, தலைவர் பெயரை வாசிக்கிறார், ஆர்.ஐ. தலையை நிமிர்த்திப் பார்க்கிறதுகூட இல்லை, கையெழுத்து, அடுத்தது, கையெழுத்து, அடுத்தது. வழக்கமாய் இப்படி வேகமாய்ப் போனால் அவளுக்குச் சந்தோஷம், காய் வாடும் முன்னம் பஸ் பிடிக்கலாம். இப்போது ஒவ்வொரு கையெழுத்தும் பாதையில் யாரோ ஒரு பெண்ணை ஓடச் சொல்கிற மாதிரி இருந்தது. இன்னும் போகாதவர்கள் இருக்கிறார்கள், கண்ணாலேயே தெரிகிறது, இப்போது அவளுக்குத் தெரிகிறது, வேர்க்காத கழுத்துகள், வெடித்த உதடுகள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, போகலாமா நேரம் இருக்கா என்று கணக்குப் பார்க்கிற முகங்கள். கணக்கு முடிந்தால் ஜீப் போய்விடும், ஜீப் போனால் வரிசை கலையும், வரிசை கலைந்தால் மதகடி. ஆளை ஆள் பார்க்கும் முன்னே அவளுடைய லைன் வந்துவிட்டது. அவளுடைய பெயர் வந்துவிட்டது. போய் மேசைக்கு முன்னால் நின்றாள்.

ஆர்.ஐ. நிமிரவில்லை. "பொண்ணு எங்கம்மா?"

"வருவாள் ஐயா."

"வருவான்னா? ஆள் இல்லன்னா ஆப்சென்ட்தான்."

"ஐயா, ஒரு விஷயம் கதைக்கோணும். அந்த லைட்டைக் கழட்டித் தாங்கோ."

இப்போது நிமிர்ந்தார். பின்னால் ஆம்பிளைகள் வரிசையில் ஒரு சிரிப்பு எழுந்து பரவிற்று. லைட் அக்காவுக்குச் சூடு ஏறிட்டுது எண்டு எவனோ சொன்னான். நீங்கதானம்மா கேட்டு வாங்கினீங்க, கரண்டு பில்லு வரைக்கும் நாங்க பதில் சொல்லிக்கிட்டு இருக்கோம் என்று ஆர்.ஐ. எரிச்சலானார். ஓமய்யா, கேட்டது நான், இப்ப வேண்டாம் எண்டுறதும் நான், அதைக் கழட்டி அங்கால மைதானத்து மேடையில போடுங்கோ, பொடியள் அங்க இருந்து விளையாடட்டும், எங்களுக்கு கக்கூஸுக்குள்ள ஒரு சின்ன பல்பும் கதவுக்கு ஒரு தாழ்ப்பாளும் போதும் என்றாள். ஏன், அங்க இருந்தா என்ன பிரச்சனை என்று கேட்டார். இதுதான் அவள் பயந்த கேள்வி. இதற்குப் பதில் ஒரே ஒரு பெயர், அந்தப் பெயர் இப்போது பாதையில் நடந்துகொண்டிருக்கிறது, அதை இந்த மேசையில் தூக்கி வைத்தால் நாளைக்கு அதற்கும் ஒரு பாட்டு கட்டுவாங்கள். எதையும் கொடுக்காமல் இருந்து இருந்துதான் அவள் இத்தனை காலம் பேரம் ஜெயித்தது. ஏதாவது கொடுக்க வேண்டும். தன்னிடம் இருப்பதைக் கொடுத்தாள், எல்லாருக்கும் கேட்கும்படியாக.

"எனக்கு மூத்திரம் போகேலாம இருக்கு ஐயா. அந்த வெளிச்சத்துக்க இந்த ஆம்பிளையள் இருந்து, நான் உள்ளுக்க எவ்வளவு நேரம் இருக்கிறன் எண்டு செல்லில கணக்குப் பார்க்கினம். எனக்கு வருத்தம் வந்திட்டுது, ஆஸ்பத்திரிக்குப் போற வருத்தம்."

சிரிப்பு நின்றுவிடவில்லை, ஆனால் ஓட்டை விழுந்தது, அங்கங்கே நின்றது, தொடர்ந்த இடத்தில் அசிங்கமாய்க் கேட்டது. ஆர்.ஐ. பேனாவைப் பார்த்துக்கொண்டு, சரிம்மா, எழுதிக் குடுங்க பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் நடக்காது, அது அவளுக்குத் தோட்டத்துப் பாஷை, இந்த இடத்தில் வியாபாரி கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட வேண்டும். அவள் நடக்கவில்லை. எமில்டா வாழ்க்கையில் முதன்முறையாக, முடியக் கூடாது என்பதற்காகவே ஒரு பேரம் பேசினாள். சுற்றுமதிலுக்குப் போனாள், அங்கிருந்து தண்ணீருக்குப் போனாள், திரும்பத் தாழ்ப்பாளுக்கு வந்தாள், இரும்பா பித்தளையா என்று கேட்டாள், தலைவர் கையைப் பிசைந்தார், அவள் கண் ஆர்.ஐ.யின் தோளுக்கு மேலால் பள்ளிக்கூடத்துச் சுவர் மூலையிலேயே இருந்தது. பெண்கள் வரிசை பின்னால் ஓசையில்லாமல் இளகுவது அவளுக்குத் தெரிந்தது. ஒருத்தி, பிறகு ஒருத்தி, பிறகு இரண்டு பேராய். யாரும் இந்த முறை இடத்தைப் பார்த்துக்கொள் என்று சொல்லவில்லை.

யூட் வரிசையிலிருந்து கூப்பிட்டான். "அண்ணி, விடுங்கோ. எல்லாரும் வெயிலுக்க நிக்கிறம்."

"நில்லு யூட்," என்றாள். திரும்பாமல் சொன்னாள். "கொஞ்சம் நில்லுங்கோ எல்லாரும். இண்டைக்கு மட்டும்."

அவன் என்ன விளங்கினானோ, நின்ற இடத்திலேயே நின்றான். பக்கத்தில் நின்றவன் வரிசையை விட்டு ஓரெட்டு வெளியே வைத்தபோது யூட் அவன் சட்டையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்ததை எமில்டா பார்க்கவில்லை, அந்தோனியாப்பிள்ளையின் மருமகள்தான் பிறகு சொன்னாள்.

சுவர் மூலையில் துஷானி வந்தாள், பின்னால் கமலேசக்கா. பிள்ளை ஓடவில்லை. அவள் ஓடாமல் நடந்து வருவதைப் பார்த்து எவ்வளவு காலம், தாவணி காற்றுக்குப் பறக்கக் கையை வீசிக்கொண்டு, சின்னப் பிள்ளை கடைக்குப் போகிற மாதிரி வந்தாள். பள்ளிக்கூடத்துப் பைப்படியில் நின்று, கால் கழுவி, முகம் கழுவி, இரண்டு கையையும் சேர்த்துத் தண்ணீர் பிடித்து வாயில் வைத்தாள். போதும், இனி இந்தப் பேச்சை விட்டுவிடலாம், கையெழுத்தைப் போட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போகலாம் என்று எமில்டா நினைத்தாள். துஷானி நிமிர்ந்து, ஒருதரம் மைதானத்தைப் பார்த்தாள், வரிசையைப் பார்த்தாள், வாயைக் கொப்பளித்து மண்ணில் துப்பினாள். ஒரு மிடறுகூட விழுங்கவில்லை. இன்றைக்கும் சாயந்தரம் வரும்.

ஆர்.ஐ. பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திவிட்டு எழுந்தார். எமில்டா மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இருங்கோ ஐயா. நான் இன்னும் முடிக்கேல்ல."